தாழ மாட்டிய படங்கள்

"அப்பா, நம்ம வீட்ல மட்டும் ஏன் படமெல்லாம் இவ்ளோ கீழ மாட்டியிருக்கு?"

ஆறு வயதில் லோர்னா இப்படிக் கேட்டபோது, அப்பா வெர்ன் எழுந்து வெளியே போய்விட்டார்.

போகப்போக அவளுக்கே விஷயம் புரிந்தது. அமெரிக்காவில் அவர்கள் இருந்த டுலூத் நகரில் வீட்டுச் சுவரெல்லாம் வெறும் ஜிப்சம் பலகைதான். ஓங்கிக் குத்தினால் கை உள்ளே போய்விடும். கோபம் வந்தால் அப்பா குத்துவார். மறுநாள் காலை அந்த இடத்தில் அம்மா ஒரு படத்தை மாட்டுவாள்.

இப்போது லோர்னாவுக்கு முப்பத்தெட்டு வயது. சுவர்ப் பலகை அடித்துப் பட்டி பார்ப்பதுதான் அவளுக்குத் தொழில். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். விற்கப்போகிற பெற்றோர் வீட்டின் சுவரைச் சரிசெய்ய வந்தவள், அவரைப் பார்க்க மட்டும் மாட்டேன் என்றாள்.

"ஒரே ஒரு தடவை போய்ட்டு வாடி. நாளைக்கு இருப்பாரோ, மாட்டாரோ. உன்னைத்தான் கேட்டுட்டே இருக்காரு" என்றாள் அம்மா அடெல்.

"நான் வீட்டை விட்டுப் போய் இருபது வருஷமாச்சு. ஆறு ஓட்டையில ஒண்ணையாவது அடைச்சாராம்மா? அவர் குத்துனதுக்கு நான் பட்டியும் பார்க்கணும், அவரைப் போய்ப் பார்க்கவும் செய்யணுமா?"

"ஆண்டவரே எல்லாரையும் மன்னிக்கலையா?"

"ஆண்டவர் இந்த வீட்ல குடியிருக்கலையே!"

கூடத்தில் முதல் படத்தைக் கழற்றினாள் லோர்னா. அங்கே ஓட்டை இல்லை.

"அம்மா! யாரை வச்சு அடைச்சே?"

"நானா? மாட்டுன படத்தை நான் தொட்டதே இல்லை. வெட்கமா இருக்கும்."

அடுத்தடுத்த படங்களையும் கழற்றினாள். ஆறும் அடைபட்டிருந்தன.

"பக்கத்து வீட்டு ஹால்வரா இருக்குமோ? அவருக்கும் உன் தொழில்தானே?"

லோர்னா கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாள். அந்த வெளிச்சத்தில் எந்த மேடுபள்ளமும் தப்பாது. முதல் ஒட்டு, தேனீ கொட்டிய கன்னம்போல வீங்கியிருந்தது. இரண்டாவதில் உப்புத்தாள் போட்டு, பலகைமேல் ஒட்டியிருக்கும் தாள் கிழியும்வரை தேய்த்திருந்தது. மூன்றாவது பரவாயில்லை. ஆறாவது அவளே செய்ததுபோல இருந்தது.

"ஹால்வர் இல்லம்மா. தொழில்காரர் ஆறையும் ஒரே மாதிரி செய்வார். இது செஞ்சு செஞ்சு கத்துக்கிட்ட கை."

அம்மா திகைத்துப்போய் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு வந்தா, இவரு சட்டையெல்லாம் வெள்ளைத் தூசியா இருக்கும். என்னன்னு கேட்டா, 'ரொட்டிக்கு மாவு பிசைஞ்சேன்'பாரு. ஒரு நாளும் ரொட்டியைக் கண்ணுல காட்டுனதில்லை!"

லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ நினைத்தவளாகத் தன் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டில் தலைமாட்டில் இன்னும் தொங்கிய ஹாக்கி போஸ்டரை மெல்ல எடுத்தாள். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை. அறையின் அதே மஞ்சள் வண்ணம்கூடப் பூசியிருந்தது.

வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"ஆஸ்பத்திரியில எத்தனை மணி வரைக்கும் பார்க்க விடுவாங்க?"

"என்னடி திடீர்னு? உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லம்மா" என்று கார் சாவியை எடுத்தாள் லோர்னா.

அப்பா போட்டவை ஆறு ஓட்டைகள்தான். போஸ்டருக்குப் பின்னால் இருந்த ஏழாவது, வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அவளே குத்தியது.