அருவி எப்படி இருந்துச்சு?

"நிறுத்துங்க, நிறுத்துங்க, இங்கதான் பள்ளத்தாக்கு தெரியும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த வளைவு பின்னால் போய்விட்டது.

"திரும்பி வரும்போது பாத்துக்கலாம்" என்றான் கணவன்.

பின்சீட்டில் பெரியவள் செல்போனை ஜன்னலில் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். படத்தில் விழுந்தது ஒரு லாரியின் பின்பக்கம். சின்னவன் முன்சீட்டின் முதுகை உதைக்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகிறது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷம் முழுக்க சூப்பர் மார்க்கெட்டில் நின்றுகொண்டே பில் போடுகிறவள். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ரெண்டு நாள் லீவு இது. அதிலும் வழியில் வரும் அந்த அருவி. எதிரே ஒரு பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் சாரல் முகத்தில் அடிக்கும், யாரும் மீதிச் சில்லறை கேட்க மாட்டார்கள். அதை நினைத்துத்தான் மற்ற நாளையெல்லாம் ஓட்டுகிறாள்.

வழக்கமாக ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்றுதான் மலையேறுவார்கள். இந்த மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. தபால் வண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறான்.

"நாளைக்கு சாயங்காலம்தான் இறங்கப் போறோம். எல்லாம் பனி மூடினதுக்கு அப்புறம் எதைப் பாக்கறது?"

ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் தாளம் போட்டன. ஒவ்வொரு திருப்பத்திலும் டிக்கியில் பாத்திரங்கள் இடித்துக்கொண்டன. காலையில் ஹோட்டலில் சொல்லி வைத்து வாங்கிய சாப்பாடு. அதையும் தொடவிடவில்லை.

"அப்பா, பசிக்குது."

"பிஸ்கட் சாப்பிடு. டிக்கியில இருக்கறதுல கை வைக்கக் கூடாது."

"ஆமாடா, அது அப்பாவோட அக்காவுக்கு. நமக்கெல்லாம் பிஸ்கட் போதும்" என்றாள் அவள்.

அந்த அக்காவுக்கு, அதாவது அவள் நாத்தனாருக்கு, மலை மேலே வீடு. முன் அறையிலேயே தையல் கடை. கோடை வந்தால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த வீடுதான் லாட்ஜ், அதுதான் மெஸ். ஒரு கூட்டம் இறங்கினால் அடுத்த கூட்டம் ஏறும். நாத்தனார் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் மலை, கதவைத் திறந்தால் மேகம், கொடுத்து வைத்தவளுக்கு முகம் சுளிக்க என்ன இருக்கிறது என்பது இவள் கட்சி.

போன் அடித்தது. நாத்தனாரேதான்.

"எங்கம்மா வந்துட்டீங்க? அருவிகிட்ட நின்னீங்களா?"

"இனிமேத்தான் அண்ணி."

"ஆற அமரப் பாத்துட்டு வாங்க. அவசரமே இல்ல. நான் இப்பத்தான் அடுப்பப் பத்த வச்சேன்."

போனை வைத்ததும் கணவன் வண்டியை இன்னும் விரட்டினான்.

நாத்தனாரிடம் வருஷா வருஷம் இதே கேள்விதான். வீட்டுக்குள் காலை வைத்ததும், "அருவி எப்படி இருந்துச்சு?" என்பாள். "நல்லா இருந்துச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணி மூட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு, இவள் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். ஏதோ ஒரு பேச்சுக்குக் கேட்பது, அதற்கு மேல் என்ன சொல்வது?

அருவிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சின்னவன் உதைப்பதை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

"அதோ ஒரு கார் எடுக்கறாங்க பாருங்க. அந்த இடத்துல போட்டுருங்க."

வண்டி நிற்கவில்லை. கண்ணாடியில் நாலு துளி சாரல் விழுந்தது. வைப்பர் அதையும் துடைத்துப் போட்டது.

பெரியவள் அழுதேவிட்டாள். "எங்கள இறக்கி விட்டுருங்க. பஸ் பிடிச்சு ஊருக்கே போயிடறோம்" என்றாள் இவள்.

வீட்டு வாசலில் ஹாரன் அடித்ததும் நாத்தனார் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"வாங்க, வாங்க. அருவி எப்படி இருந்துச்சு?"

"உங்க தம்பியையே கேளுங்க அண்ணி. நிறுத்தினாத்தானே பாக்கறதுக்கு."

கணவன் நேராகச் சமையலறைக்குப் போனான். அடுப்பை அணைத்தான். திரும்பி வந்து தையல் மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினான்.

"அக்கா, செருப்பப் போடு. அருவிக்குப் போறோம்."

"நான் எதுக்குடா? நீங்க போயிட்டு வாங்க. எல்லாரும் பசியோட வருவீங்க, வீட்டுல ஒரு ஆள் வேணாமா?"

"யாரும் பசியோட வர மாட்டாங்க. சாப்பாடு டிக்கியில இருக்கு, அங்கயே உக்காந்து சாப்பிடப் போறோம். முன்னாடியே சொன்னா நீ ஆயிரம் சாக்கு சொல்லுவே. இவகிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் உனக்கு போன் போட்டுருவா. அதான் சொல்லாம, நீ சமைச்சு முடிக்கறதுக்குள்ள வந்து சேர்ந்தேன்."

நாத்தனார் மெஷினுக்கு அடியில் செருப்பைத் தேடினாள். அவசரத்தில் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினாள்.

இவளுக்கு மட்டும் ஆறவில்லை.

"இதுக்கா எங்கள இந்தப் பாடு படுத்தினீங்க? மலையிலேயே குடியிருக்கறவங்களுக்கு அருவி என்ன புதுசு? அண்ணி பாக்காததா?"

நாத்தனார் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நான் எங்க பாத்தேன்மா? வருஷா வருஷம் நீ வந்து 'நல்லா இருந்துச்சு அண்ணி'ன்னு சொல்லுவியே, அவ்வளவுதான் நான் பாத்தது."