நானூறு துடிப்பு

ஒரு துடிப்பும் விடாமல் எண்ணிச் சொன்ன அணிலைத்தான் தேர்வாளர் மரங்கொத்தி இரண்டாம் தடவையாக ஃபெயிலாக்கினார். காட்டு மருத்துவக் கல்லூரியின் செய்முறைத் தேர்வுக்கு நோயாளியாகப் படுத்திருந்த எருமையின் நாடியைப் பிடித்துப் பார்த்து, நிமிடத்துக்கு நானூறு என்று அது சொன்னதுதான் குற்றமாம்.

தேர்வு முடிந்ததும் அணில் எருமையிடமே நியாயம் கேட்டது. "நீங்களே சொல்லுங்க அண்ணே. நான் எண்ணினதுல என்ன தப்பு?"

விடிந்ததிலிருந்து முப்பது மாணவர்கள் பிடித்துப் பார்த்த முன்னங்காலை நீட்டிக்கொண்டு எருமை கொட்டாவி விட்டது. "எண்ணினது சரிதாம்மா. ஆனா அது என்னோடது இல்லை, உன்னோடது. அவர் மேசையைக் கொத்தக் கொத்த உன் விரல்தான் அப்படித் துடிச்சுது."

அணில் தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தது.

மூன்றாம் தடவைத் தேர்வும் வந்தது. இதிலும் தோற்றால் கல்லூரியை விட்டே போக வேண்டும். அணில் எருமையின் காலைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

மரங்கொத்தி மேசையைக் கொத்தினார். "எத்தனை? சீக்கிரம் சொல்லு."

"முதல்ல என்னோடது அடங்கணும் ஐயா," என்றது அணில். "நீங்க கொத்துறதை நிறுத்தினா சீக்கிரமே அடங்கிடும்."