பக்கத்துக் கவுண்டர்

"சார், பக்கத்துக் கவுண்டர்ல ஃபீஸ் உங்களைவிடக் கம்மின்னு சொல்றாங்களே?"

வரிசையில் முன்னால் நின்ற பெண் பட்டென்று கேட்டாள். பின்னால் நின்ற தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இதைக் கேட்கத்தான் காலையிலிருந்து அவளுக்கு நாக்கு எழவில்லை.

அந்தச் சேர்க்கை மையத்தில் அடுத்தடுத்துக் கவுண்டர் போட்டிருந்த இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அவள் தம்பிக்கு இடம் கிடைத்துவிட்டது. மாலைக்குள் ஏதாவது ஒன்றில் சேர்த்தாக வேண்டும். கட்டணம் கட்டப்போவது அவளுடைய தையல் மெஷின்தான். பணம் போதாமல் படிப்பு நடுவில் நின்றுவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

கவுண்டரில் இருந்த கண்ணாடிக்காரர் சிரித்தார். "கம்மியா? அங்க ஹாஸ்டலுக்கு எவ்வளவுன்னு கேட்டுப் பாரும்மா. வண்டவாளம் தெரியும்."

பெண் இரண்டடி நகர்ந்தாள். "மேடம், உங்க வண்டவாளத்தைக் கேட்கச் சொல்றார்."

பக்கத்துக் கவுண்டர் மேடம் பேனாவை மூடிவைத்தார். "ஹாஸ்டல் அதிகம்தான். சாப்பாடும் சேர்த்துத்தானே அது? அங்க ரூமுக்கு மட்டும்தான் அந்தக் காசு. மெஸ் பில் மாசாமாசம் தனியா வந்து கதவைத் தட்டும். அதைச் சொன்னாரா?"

"சார், மெஸ் தனியாமே?"

"எல்லாத்தையும் விலாவாரியா சொல்லிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அவங்க வருஷா வருஷம் லேப் ஃபீஸை ஏத்தறதைச் சொன்னாங்களா?"

"அதெல்லாம் போன வருஷத்தோட சரி!" மேடம் எழுந்தே நின்றுவிட்டார். "இப்ப சேர்ற பசங்களுக்குப் படிப்பு முடியற வரைக்கும் ஒரே கட்டணம். எழுதியே கொடுக்கறோம். எங்கே, அவரை எழுதிக் கொடுக்கச் சொல்லு பார்ப்போம்!"

கண்ணாடிக்காரருக்குத் திடீரென்று ஸ்டேப்ளரில் பின் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை வந்துவிட்டது.

தையல்காரி வரிசையை விட்டு விலகி, மேடம் முன்னால் போய் நின்றாள். "எனக்கு எழுதிக் கொடுங்க மேடம். என் தம்பியைச் சேர்த்துடறேன்."

தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

வேலை முடிந்து திரும்பியபோது, அந்தப் பெண் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டும் கேட்கலைன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் விழுந்திருப்பேன். நீயும் இங்கதானே சேர்ற?"

"ரெண்டுலயும் இல்லக்கா. மூணாவதா ஒண்ணு இருக்கு, கொஞ்சம் தூரம். அங்க நேத்தே சேர்ந்தாச்சு."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு அந்த ரெண்டு பேரையும் அப்படி மூட்டிவிட்ட?"

"உங்களுக்காகத்தான். காலையிலேர்ந்து வாயைத் திறக்கறதும் மூடறதுமா நின்னுட்டிருந்தீங்களே, பார்க்கப் பாவமா இருந்துச்சு." பெண் கண்ணைச் சிமிட்டினாள். "அவங்களை மூட்டிவிட எனக்கு யாரும் சொல்லித் தரணுமா என்ன?"

உள்ளேயிருந்து கண்ணாடிக்காரர் குரல் கொடுத்தார். "ஏய் வாயாடி, போனதும் தண்ணி மோட்டாரைப் போட்டு வை! எனக்கும் உங்கம்மாவுக்கும் வர நேரமாகும்!"

பக்கத்துக் கவுண்டர் மேடம் வீட்டுச் சாவியை அவளிடம் தூக்கிப் போட்டார்.