வாய் பிளந்த மூட்டம்

பரளச்சிக்கு மேற்கே, வெட்டவெளியில், கரிமூட்டத்தின் ஒரு பக்கம் வாய் பிளந்து தீ எழும்புகிறது. சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போர்த்தி, கொழுந்து விடாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்க வைத்த மூட்டம். மண் இறங்கி ஓட்டை விழுந்தால் உடனே அடைக்க வேண்டும், அதற்குத்தான் காவல். இந்தக் கரியை விற்றுத்தான் மகள் ஜெபாவை அருப்புக்கோட்டையில் ஆஸ்டலில் சேர்க்க வேண்டும். காவலுக்கு இருந்த சிலுவைமுத்து, சிறுவர் பத்திரிகைக்கு ஒரு முயல் கதை எழுதுவதில் மூழ்கிப்போனான். இப்போது மண்வெட்டியால் அள்ளி அள்ளி எறிகிறான். மயிர் பொசுங்கும் வாடை அவன் கையிலிருந்தே வருகிறது. மகளோடு கஞ்சி கொண்டுவந்த அவன் மனைவி ரோஸி, தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டுக் குடத்துத் தண்ணீரைக் கவிழ்க்கிறாள்.

“கண்ணு எங்க இருந்துச்சு ஒங்களுக்கு? அந்த முயலக் கூப்பிடுங்க, வந்து ரெண்டு கூடை மண்ணு போடட்டும்.”

“கடைசிப் பக்கம் புள்ள. இந்தா முடிச்சிருவோம்னு...”

“முடிச்சிட்டீகள்ல.”

தீ அடங்குகிறது. ரோஸி ஒரு கம்பை எடுத்து மூட்டத்தில் குத்துகிறாள். கரியில் முட்டி நிற்க வேண்டிய கம்பு, சாம்பலுக்குள் முழங்கை ஆழம் பொதுக்கென்று இறங்குகிறது. வெயில் சாய்ந்து, புகை தரையோடு படர்கிறது. தீக்குக் கிட்டே வராதே என்று வேம்பின் கீழே நிறுத்தப்பட்ட ஜெபா, அங்கே கிடந்த காகிதங்களை எடுத்து வாசித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். தன் கதைக்கு ஒரு பிள்ளை சிரிப்பதைச் சிலுவைமுத்து இதுவரை காதால் கேட்டதில்லை. கேட்கத் தாங்காமல், அணைந்துவிட்ட இடத்திலேயே இன்னும் மண்ணை வாரிப் போடுகிறான்.