உதட்டுக்குள் ஒரு படலம்

"எங்க டாக்டர் இவர் வாயைத் திறக்கப் போறார்? நானே சொல்லிடறேன்!"

பல் மருத்துவரின் அறைக்குள் நுழையும்போதே மனைவி ஆரம்பித்துவிட்டாள். பஸ் டிரைவரான கணவர் நல்ல பிள்ளையாக நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டார்.

"புகையிலை டாக்டர். ஆறு வருஷமா, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. கீழ் உதட்டுக்குள்ள இடது பக்கம் அடக்கிக்கறது. இப்ப அதே இடத்துல வெள்ளையா ஒரு படலம். காரம் பட்டா உயிரே போகுது."

மருத்துவரின் முகம் மாறியது. "எத்தனை நாளா?"

"மூணு மாசம். தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

"மூணு மாசம் என்னங்க பண்ணிட்டு இருந்தீங்க?" மருத்துவர் கணவரைப் பிடிபிடியென்று பிடித்தார். "இந்தக் கருமத்தை எதுக்கு ஆரம்பிச்சீங்க?"

கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"சாப்பிட நேரம் கிடைக்காத வேலை டாக்டர்" என்றாள் மனைவி. "ஒண்ணு அடக்கிக்கிட்டா பசி தெரியாது. சிகரெட்டா என்ன, புகைதான் இல்லையே, என்ன பண்ணிடப் போகுதுன்னு..."

"புகை இல்லேன்னா விஷம் இல்லேன்னு ஆயிடுமா? புற்றுநோயை உண்டாக்கற ரசாயனம் இருபத்தெட்டுக்குக் குறையாம இருக்கும்மா இதுல. நைட்ரோசமைன்னு ஒண்ணு, இலையைப் பதப்படுத்தும்போதே உண்டாயிடும். காட்மியம், ஆர்சனிக் வேற. அதையெல்லாம் உதட்டுக்குள்ள மணிக்கணக்கா ஊற வெச்சா, உள்தோல் என்னத்துக்கு ஆகும்?"

மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப... புற்றுநோயேதானா டாக்டர்? பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருக்கா."

"எடுத்த எடுப்புல அப்படிச் சொல்ல முடியாது. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். ஆரம்ப நிலைன்னா குணப்படுத்திடலாம். ஆனா, புகையிலையை இன்னிக்கே விடணும்."

"விட்டாச்சு டாக்டர்! சத்தியமா இனிமே கிடையாது!"

"நீங்க ஏம்மா சத்தியம் பண்றீங்க? அவர் பண்ணட்டும். வாயைத் திறங்க சார்."

மருத்துவர் விளக்கைக் கீழே இழுத்து, கணவரின் உதட்டை விரலால் மடக்கிப் பார்த்தார். இடது பக்கம். வலது பக்கம். நாக்குக்கு அடியில். மறுபடியும் இடது பக்கம்.

"என்னம்மா இது? இவர் வாயில ஒரு கறைகூட இல்லையே!"

கணவர் நாற்காலியை விட்டு இறங்கினார்.

"பொம்பளை புகையிலை போடறது வெளியில தெரிஞ்சா அசிங்கம்னு இவ வரவே மாட்டேன்னுட்டா டாக்டர். என் பேரைச் சொல்லிக்கோன்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

"எனக்காக நீங்க வாங்கிக் கட்டிக்கிட்டது போதுங்க" என்றபடி மனைவி நாற்காலியில் ஏறி, விரலால் தன் கீழ் உதட்டை மடக்கிக் காட்டினாள்.