தோல் பெட்டியின் அலறல்

பல்கலைக்கழகம் கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டியது பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரம் தைவான் டாலர். தீக்காயக்காரர்களுக்கு வைக்கும் தோலைக் கெடாமல் காக்கும் கூட்டு ஆராய்ச்சிக்கு வாங்கிய முன்பணம். சொன்ன கெடுவுக்குள் வேலை முடியவில்லை. இன்றைய சோதனையில் உறைபெட்டி ஒழுங்காக ஓடினால் கம்பெனி மனமிரங்கும்.

காலையிலேயே பேராசிரியர் சாய் பெட்டியின் தலையைக் காலிசெய்து பளபளவென்று துடைத்துவிட்டார்.

"அது இருந்தவரைக்கும் பெட்டி ஒரு நாள்கூட அலறல சார். எடுத்துட்டீங்களே," என்றார் நைட்ரஜன் சிலிண்டர் உருட்டும் ஆ-ஷுயி.

"சும்மா இருய்யா! வர்றவங்க ஜப்பான்ல டாக்டர் பட்டம் வாங்கினவங்க. பார்த்தா சிரிப்பாங்க."

கம்பெனியிலிருந்து லின் அம்மையார் வந்தார். பெட்டி ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு கீச்சென்று அலறியது. பேராசிரியர் பொத்தான்களை மாறி மாறித் தட்டினார்.

அம்மையார் பெட்டியின் மேலே பார்த்தார், பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது? இவ்வளவு பெரிய ஆய்வகத்துல அடிப்படைப் பாதுகாப்புகூட இல்லையே!"

"எ... எதும்மா?"

அவர் கைப்பையைத் திறந்து, பச்சை உறைபோட்ட நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை எடுத்துப் பெட்டியின் தலையில் வைத்தார். எந்திரம் மக்கர் பண்ணாமலிருக்கத் தைவான் முழுக்க அதன்மேல் வைக்கிற தேங்காய்ச் சுவைப் பொட்டலம்தான்.

அலறல் நின்றது.

"எங்க கம்பெனியில எந்திரத்துக்கு ஒண்ணு. காலாவதித் தேதி பார்த்து மாத்துவோம். உங்களுது எங்க?"



"காலையில சார் அதை டீக்குத் தொட்டுக்கிட்டாரும்மா," என்றார் ஆ-ஷுயி.

அம்மையார் அறிக்கையில் எழுதினார்: 'எந்திரத்தில் பழுதில்லை, பேராசிரியரின் பசிதான் பழுது. முன்பணத்தைத் திருப்ப வேண்டாம்.'