ஒரு விரல் கீழே

மதியழகன் சுத்தியலோடு ஸ்டூலில் ஏறியதும், “அண்ணன் படத்துக்கு ஒரு விரல் கீழ அடிடா. மூத்தவன்ல!” என்றார் அப்பா.

சுவரில் அண்ணன் குணசீலன் பட்டமளிப்பு அங்கியோடு ஏழு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைக் காட்டிக் காட்டித்தான் அம்மா மதியழகனுக்குச் சோறு போட்டாள். அதைத் தோற்கடிக்கவே அவன் வெறியோடு படித்துத் தங்கப் பதக்கம் வாங்கினான். இன்று அவன் படமும் சட்டம் போட்டு வந்திருந்தது.

வேண்டுமென்றே நாலு விரல் மேலே ஆணியை வைத்தான். கீழே நின்ற அண்ணன் முகம் வாடுவதைப் பார்க்கக் குனிந்தான். குணசீலன் ஆடிய ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் மேல அடிடா தம்பி. வாசல்லேர்ந்தே தெரியணும்.”

இதிலும் இவனே முந்திவிட்டான் என்று மதியழகனுக்கு வயிறு எரிந்தது. ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது.